கணினி இதழிலிருந்து ஆவணப்படம் வரை: எது கூட வரும், எது வராது?

கேட்டிருப்பவர் சில வருடங்களாகத் தொழில்நுட்பம் பற்றி எழுதி வருபவர். அச்சு இதழில் தொடங்கி, இணைய ஊடகத்தின் ஆரம்ப காலத்தில் அங்கே போய், கடைசியில் ஆவணப்படம் எடுத்த பத்திரிகையாளர்களைச் சுட்டிக்காட்டி, "நானும் இந்த வழியில் போக முடியுமா? எந்த கேமரா வாங்கலாம்?" என்று கேட்கிறார். கேமரா என்பது மேலோட்டமான கேள்வி. எழுதிச் சேர்த்த அனுபவத்தில் எது படத்துக்கு உதவும், எதை அரிச்சுவடியிலிருந்து படிக்க வேண்டும் என்பதுதான் அவர் உண்மையில் கேட்பது. அதை முதலில் பார்ப்போம். கேமராவுக்குக் கடைசியில் வருகிறேன்.

நேரடியாகச் சொன்னால், எழுத்து நடை கூட வராது. அருமையாக எழுதுபவர் எடுத்த படம் மந்தமாக இருப்பது சகஜம். கூட வருவது நான்கு: தேதி போட்டு வைத்த குறிப்புகள், தூக்கி எறியாத பழைய பதிவுகள், "இவரிடம் பேசலாம்" என்று ஆட்கள் வைத்திருக்கும் நம்பிக்கை, யார் என்ன சொன்னாலும் இன்னொரு இடத்தில் சரிபார்க்கும் பழக்கம். இந்த நான்கும் கையில் இருந்தால் ஊடகம் மாறுவது தொழிலைத் திரும்பப் படிப்பதுதான். வாழ்க்கையைத் திரும்பத் தொடங்குவதல்ல.

இந்தப் பாதைக்கு எல்லோரும் சொல்லும் உதாரணம் ராபர்ட் எக்ஸ். கிரிஞ்ச்லி. அது உண்மைப் பெயர் இல்லை. இன்ஃபோவேர்ல்ட் வார இதழ் தன் கிசுகிசுப் பத்திக்கு வைத்திருந்த புனைபெயர். பலர் அந்தப் பெயரில் எழுதியிருக்கிறார்கள். 1987 முதல் 1995 வரை எழுதிய மார்க் ஸ்டீபன்ஸ்தான் அந்தப் பெயரோடு வெளியே வந்தவர். 1992இல் தனிக்கணினித் தொழிலின் கதையைப் புத்தகமாக எழுதினார். அதை வைத்து 1996இல் மூன்று பகுதித் தொலைக்காட்சித் தொடர் வந்தது. 1998இல் இணையத்தின் கதைக்கு இன்னொரு தொடர். நடுவில் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியின் இணையதளத்தில் தொடர்ந்து பத்தியும் எழுதினார். இதில் பலரும் கவனிக்காமல் தாண்டுவது நடுவில் இருக்கும் புத்தகத்தை. வாரா வாரம் எழுதிய துணுக்குகள் நேராகப் படமாகவில்லை. அவற்றைக் கோத்து, முதல் எது, முடிவு எது, எந்த ஆள் எங்கே நுழைகிறார் என்று ஒழுங்கு செய்த வேலை புத்தகத்தில் நடந்தது. படக்குழுவுக்குக் கிடைத்தது ஏறக்குறையத் தயாரான ஒரு கட்டமைப்பு. ஆகவே நூறு கட்டுரை எழுதியிருந்தாலும், ஒரே விஷயத்தை நீளமாக எழுதிய அனுபவம் இல்லையென்றால், கேமராவுக்கு முன்னால் அதைச் செய்யுங்கள். புத்தகமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பத்துப் பன்னிரண்டாயிரம் சொல்லில் ஒரு தொடர் போதும்.

1996இல் வந்த அந்தத் தொலைக்காட்சித் தொடருக்காக 1995இல் ஸ்டீவ் ஜாப்ஸிடம் ஒரு நீண்ட பேட்டி எடுத்தார்கள். அப்போது அவர் நெக்ஸ்ட் நிறுவனத்தில் இருந்தார், ஆப்பிளுக்குத் திரும்பியிருக்கவில்லை. தொடரில் பயன்பட்டது சில நிமிடங்கள்தான். மூல டேப்புகள் லண்டனிலிருந்து அமெரிக்காவுக்கு அனுப்பும் வழியில் காணாமல் போயின. பல வருடம் கழித்து, இயக்குநர் வீட்டு கராஜில் ஒரு விஎச்எஸ் நகல் கிடைத்தது. ஜாப்ஸ் இறந்த 2011ஆம் ஆண்டிலேயே, சுமார் எழுபது நிமிடப் பேட்டி ஏறத்தாழ முழுமையாகத் திரையரங்குக்கு வந்தது. எழுத்துக்கும் படத்துக்கும் உள்ள முதல் வித்தியாசம் இது. கட்டுரையில் பயன்படாத பேட்டி நோட்டில் தூங்கும், அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. படத்தில் வெட்டி எறிந்ததுதான் பிற்காலத்துச் சொத்து. அப்படியிருக்க ஒரே ஒரு பிரதியைப் பெட்டியில் போட்டு அனுப்புவது எவ்வளவு பெரிய ஆபத்து என்று பாருங்கள்.

அச்சு இதழ் கற்றுத்தந்த முக்கியமான பாடம் இடைவெளி. மாத இதழில் எழுதி முடித்த கட்டுரை வாசகர் கைக்குப் போக இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். டிசம்பர் இதழின் விமர்சனத்தைச் செப்டம்பரில் முடித்தாக வேண்டும். அதனால் எழுதுபவர் கையில் இருந்தது பல சமயம் பீட்டா, அதாவது வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பு. வாசகர் வாங்கியது வேறு பதிப்பு. எந்தப் பதிப்பு, எந்த பில்டு எண், எந்தத் தேதி, எவ்வளவு நினைவகம், எந்த இயங்குதளம் என்று எழுதி வைக்காத விமர்சனம் மூன்று மாதத்தில் பொய்யாகிவிடும். வேகத்தை அளக்கும்போது கணினியை மறுதொடக்கம் செய்து, குறைந்தது மூன்று முறை ஓட்டி, நடு மதிப்பை எடுப்பது வழக்கம். சராசரி எடுத்தால், பின்னணியில் ஏதோ ஓடிய ஒரு மோசமான ஓட்டம் மொத்தத்தையும் கெடுத்துவிடும். முதல் ஓட்டத்தில் வட்டிலிருந்து படிப்பதும் இரண்டாவதில் கேஷ் எனும் தற்காலிக நினைவகத்திலிருந்து படிப்பதும் வேறு வேறு என்பதால், எதை அளக்கிறோம் என்பதையும் குறிக்க வேண்டும். இந்தப் பிடிவாதம்தான் பின்னாளில் படத்தில் ஒருவர் வாய்தவறிச் சொன்னதைப் பிடிக்க உதவுகிறது.

அட்டையில் போட்ட தேதியும் ஏமாற்றும். ஆல்டேர் 8800 கணினியை அட்டையில் போட்ட பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ் இதழ் 1975 ஜனவரி என்று சொல்லும். ஆனால் கடைக்கு வந்தது 1974 டிசம்பரில். பின்னாளில் மைக்ரோசாஃப்டைச் சேர்ந்து தொடங்கிய இருவரில் பால் ஆலன் அதைப் பார்த்துவிட்டு பில் கேட்ஸிடம் கொண்டு போனதும் டிசம்பரில்தான். படத்தில் எழுத்து போடும்போது "1975 ஜனவரி" என்று போட்டால் கதையின் வரிசையே மாறிப்போகும். இன்னொன்று: அந்த அட்டையில் இருக்கும் பெட்டி வேலை செய்யும் கணினியே அல்ல. முதல் மாதிரி அனுப்பும் வழியில் தொலைந்துபோக, உள்ளே ஒன்றும் இல்லாத வெற்றுப் பெட்டியைத்தான் படம் பிடித்தார்கள். பழைய இதழைச் சான்றாக எடுப்பவர்கள் படத்துக்கும் பக்கத்தில் இருக்கும் எழுத்துக்கும் ஒரே எடை கொடுக்கக்கூடாது.

புகைப்பட விஷயத்தில் அச்சு ஆட்கள் இன்றும் ஒரு படி மேலே இருப்பதற்குக் காரணம் கணக்கு. அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும். இருபது சென்டிமீட்டர் அகலத்தில் போட ஏறக்குறைய 2,360 பிக்சல். ஆரம்ப கால இணையத்தில் 640 பிக்சல் அகலப் படமே பெரியது. அதை அச்சில் போட்டால் ஐந்தரை சென்டிமீட்டர்தான் வரும். தொண்ணூறுகளின் இணையதளங்கள் பலவற்றில் சிறிய படத்தை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை அழித்துவிட்டார்கள். இன்று 1,920 பிக்சல் திரையில் அந்தப் படம் மூன்றில் ஒரு பங்கு அகலத்துக்குத்தான் நிற்கும். படத்தின் மேல் மெதுவாக கேமரா நகர்வதுபோல் காட்ட வேண்டுமானால் 3,000 பிக்சலுக்குக் குறையாமல் வேண்டும். பத்துக்குப் பதினைந்து சென்டிமீட்டர் பிரிண்ட் கிடைத்தால் 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்யுங்கள். நீளவாக்கில் 3,500 பிக்சலைத் தாண்டும். அச்சான இதழ்ப் பக்கத்தையே ஸ்கேன் செய்கிறீர்கள் என்றால், மைப்புள்ளிகளும் ஸ்கேனரின் கட்டங்களும் மோதி அலை அலையாகக் கோடு விழும். 600இல் எடுத்து, ஸ்கேனர் மென்பொருளில் அந்தக் கோட்டை நீக்கும் டீஸ்கிரீன் வசதியைப் போட்டு, அப்புறம் அளவைச் சுருக்குவதுதான் வழி.

இனி ஆரம்ப கால இணையம். 1993இல் மொசைக் உலாவி வந்த பிறகு எழுத்தும் படமும் ஒரே பக்கத்தில் வரத் தொடங்கின. 1994 அக்டோபர் 27இல் ஹாட்வயர்டு என்ற இணைய இதழ் தொடங்கியது. இணையத்தின் ஆரம்ப பேனர் விளம்பரங்கள் அங்கேதான் வந்தன. 468க்கு 60 பிக்சல் என்ற பட்டை பின்பு பல வருடம் தரமாக நின்றது. அன்றைய எழுத்தாளர் முதலில் எண்ணியது சொற்களை அல்ல, கிலோபைட்டை. விநாடிக்கு 14.4 கிலோபிட் மோடத்தில் 54 கிலோபைட் படம் ஒன்று இறங்க முப்பது விநாடி, 28.8இல் பதினைந்து. அதுவும் தொலைபேசி இணைப்பு சுத்தமாக இருந்தால். முதல் பத்தியிலேயே விஷயத்தைச் சொல்லிவிடும் பழக்கம், குட்டைப் பத்திகள், ஒடுக்கமான பத்தி அகலம் எல்லாம் அழகுக்காக மட்டும் வந்தவை அல்ல. படம் இறங்கும் வரை வாசகர் எழுத்தைப் படித்துக்கொண்டிருக்க வேண்டும் என்ற நெருக்கடியும் அதில் உண்டு.

அச்சு இதழில் மாதம் ஒரு டெட்லைன். இணையத்தில் அது தினமும், பிறகு மணிக்கொரு முறையும் ஆனது. இந்த மாற்றத்தில் பலர் இழந்தது ஆறப்போடும் நேரத்தை. பிரதி திருத்துபவர், உண்மை சரிபார்ப்பவர் என்று நடுவில் இருந்த ஆட்கள் போய்விட்டார்கள். பதிலுக்குக் கிடைத்தது திருத்தும் வசதி. ஆனால் திருத்தியதைச் சொல்லாமல் திருத்தினால் அது அழிப்பு. எந்தத் தேதியில் எதை மாற்றினோம் என்று கட்டுரையின் அடியில் ஒரு வரி போடுவது நேர்மைக்காக மட்டும் இல்லை. ஐந்து வருடம் கழித்து அந்தக் கட்டுரையைப் படத்துக்குச் சான்றாக எடுக்கப்போகிறவர் நீங்களாகவே இருக்கலாம்.

அழிவு என்று வரும்போது கொஞ்சம் நின்று பேச வேண்டும். பைட் என்ற கணினி இதழ் 1975 செப்டம்பரில் தொடங்கி 1998 ஜூலையோடு அச்சில் நின்றது. அதன் பழைய பிரதிகளை இன்றும் நூலகத்திலும் சேகரிப்பவர்களிடமும் புரட்டலாம். அதே காலத்து இணைய இதழ்களில் பல, நிறுவனம் கைமாறிய அன்றே மறைந்துவிட்டன. இணைய ஆவணக்காப்பகம் 1996இலிருந்து பக்கங்களைச் சேமிக்கிறது. 2001இல் பொதுமக்களுக்குத் திறந்த அதன் வேபேக் மெஷினில் பலவற்றைத் தேடி எடுக்கலாம். ஆனால் எழுத்து இருக்கும், படம் இருக்காது. தரவுத்தளத்திலிருந்து உருவான பக்கங்கள் பாதியில் நிற்கும். இது பழைய காலத்துப் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். 2024இல் பியூ ஆய்வு மையம் வெளியிட்ட கணக்கின்படி, 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்து வருடத்தில் திறக்கவில்லை. ஆகவே நீங்கள் எழுதிய ஒவ்வொன்றையும் மூன்று வடிவில் வைத்துக்கொள்ளுங்கள்: வெறும் உரைக் கோப்பு, வெளியான பக்கத்தின் பிடிஎஃப், பேட்டியின் மூல ஒலிப்பதிவு. உரைக் கோப்பை யூனிகோடில் சேமியுங்கள். தமிழில் யூனிகோடுக்கு முன்பு எழுதியவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். டிஸ்கி (TSCII), டேப் (TAB), பாமினி என்று ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு குறியேற்றம். எழுத்துருவின் பெயரைக் குறிக்காத கோப்பு இன்று வெறும் கிறுக்கல். மாற்றிகள் இருக்கின்றன, ஆனால் எதிலிருந்து மாற்றுவது என்று தெரிந்தால்தான் அவை உதவும்.

எழுதியது யாருக்குச் சொந்தம் என்பதையும் இப்போதே பாருங்கள். 2001இல் நியூயார்க் டைம்ஸ் எதிர் டாசினி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-2 என்று ஒரு தீர்ப்புச் சொன்னது. அச்சுக்காக ஃப்ரீலான்சர்கள் எழுதிய கட்டுரைகளை, அவர்களிடம் தனி அனுமதி வாங்காமல் மின்னணுத் தரவுத்தளங்களில் போட்டது பதிப்புரிமை மீறல் என்பது தீர்ப்பு. எழுத்தாளர்கள் வென்றார்கள். பலன் இரண்டு விதமாகத் திரும்பியது: சில பதிப்பாளர்கள் கட்டுரைகளையே தரவுத்தளத்திலிருந்து எடுத்துவிட்டார்கள், புதிய ஒப்பந்தங்களில் "எல்லா ஊடகங்களிலும் எல்லா உரிமையும்" என்ற வரி வழக்கமாகிவிட்டது. உங்கள் ஒப்பந்தத்தில் அந்த வரி இருந்தால், சொந்தக் கட்டுரையைப் படமாக்கவே பதிப்பாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டியிருக்கலாம். பேட்டியின் ஒலிப்பதிவு யாருடையது என்பது இன்னும் சிக்கல். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். இங்கே நான் சொல்வது எங்கே பார்க்க வேண்டும் என்பதை மட்டும். முடிவுக்குப் பதிப்புரிமை தெரிந்த வழக்கறிஞரிடம் போங்கள்.

படத்துக்கு வருவோம். எழுத்தாளர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் பேட்டி. எழுத்தில் ஒருவர் சுற்றி வளைத்துச் சொன்னதை நாம் ஒரே வரியில் சுருக்கிவிடலாம். படத்தில் அவர் வாயால் வந்தால்தான் உண்டு. நம் கேள்வி பெரும்பாலும் வெட்டப்படும் என்பதால், பதில் தனியாக நிற்க வேண்டும். "அது எப்போது நடந்தது?" என்று கேட்டால் "எண்பத்து மூன்றில்" என்று பதில் வரும், அது எடிட்டிங்கில் உதவாது. "அந்தத் திட்டம் தொடங்கிய நாளைச் சொல்லுங்கள்" என்று கேட்க வேண்டும், கேள்வியையும் சேர்த்து முழு வாக்கியமாகச் சொல்லும்படி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளவும் வேண்டும். அவர் பேசும்போது "ஆமா, ஆமா", "ம்ம்" என்று நாம் போடும் ஒவ்வொரு ஒலியும் மைக்கில் ஏறும்; அந்த இடத்தில் வெட்ட முடியாது. தலையை மட்டும் ஆட்டுங்கள். பதில் முடிந்ததும் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாமல் மூன்று நான்கு விநாடி சும்மா இருங்கள். நல்ல வரி பல சமயம் அந்த மௌனத்தை நிரப்பத்தான் வருகிறது. பெயர் சொல்ல வேண்டாம் என்ற நிபந்தனையில் எழுத்தில் உதவிய ஆட்கள் கேமரா முன் வரமாட்டார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள். எழுத்தில் பத்துப் பேர் தாங்கிய கதை, படத்தில் மூன்று பேரின் மேல் நிற்க வேண்டியிருக்கும்.

படம் சுமாராக இருந்தால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். ஒலி கெட்டால் எழுந்து போய்விடுவார். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. லேப்பல் மைக்கை மோவாய்க்கு ஒரு சாண் கீழே, துணி உரசாத இடத்தில் குத்துங்கள். உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் வரும்படி அளவு வைத்தால் திடீரென்று சிரித்தாலும் ஒலி உடையாது. ஏசி, ஃபிரிட்ஜ், மின்விசிறி எல்லாவற்றையும் நிறுத்துங்கள். தொழில்நுட்ப ஆட்களின் அறையில் இன்னொன்று உண்டு: மேசைக்கடியில் இரைந்துகொண்டிருக்கும் கணினி விசிறி. பேட்டி முடிந்ததும் யாரும் பேசாமல், யாரும் எழுந்திருக்காமல், அறையின் வெறும் ஒலியை முப்பது விநாடிக்குக் குறையாமல் பதியுங்கள். வெட்டுக்கு வெட்டு நடுவே அதைப் பரப்பாவிட்டால் ஒவ்வொரு வெட்டிலும் ஒலி குழியில் விழுந்தது மாதிரி கேட்கும்.

தொழில்நுட்பப் படத்துக்கே உரிய தொல்லை திரை. பழைய படக்குழாய் (சிஆர்டி) மானிட்டர் விநாடிக்கு 60, 72, 75 அல்லது 85 தடவை திரையைத் திரும்ப வரையும். கேமரா 25 அல்லது 30 ஃபிரேம் எடுக்கும். இரண்டும் ஒத்துப்போகாததால் கறுப்புப் பட்டை ஒன்று திரையில் ஊர்ந்துகொண்டே இருக்கும். ஷட்டர் வேகத்தை மானிட்டரின் எண்ணோடு பொருத்துங்கள். 75 ஹெர்ட்ஸ் என்றால் விநாடியில் 75இல் ஒரு பங்கு. கேமராவில் கிளியர் ஸ்கேன் வசதி இருந்தால் தசமத்தில் நகர்த்தி, பட்டை மெல்லிய கோடாகும் வரை சரிசெய்யலாம். எல்சிடி திரையில் ஊர்தல் இல்லை, பிக்சல் கட்டங்களின் அலைக்கோடு வரும். கொஞ்சம் பின்னால் போய், கோணத்தைச் சாய்த்து, ஃபோகஸை ஒரு மயிரிழை தளர்த்தினால் அடங்கும். திரையில் உள்ள எழுத்தைப் பார்ப்பவர் படித்தாக வேண்டும் என்றால் கேமராவை நம்பாதீர்கள். திரைப்பதிவு எடுத்து, எடிட்டிங்கில் வையுங்கள். பழைய மென்பொருளை எமுலேட்டரில் (பழைய கணினியைப் போல நடிக்கும் மென்பொருளில்) ஓட்டிப் பதியலாம்தான், ஆனால் அது பெரும்பாலும் நிஜ இயந்திரத்தைவிட வேகமாக ஓடும். அன்றைய கணினி ஒரு கோப்பைத் திறக்க எடுத்துக்கொண்ட நேரமே கதையாக இருக்கும் இடத்தில் அது பொய்ச் சாட்சி.

பழைய டேப்புகள் கிடைத்தால் இன்னும் சில விஷயங்கள். 1995இல் வந்த டிஜிட்டல் வீடியோ (DV) வடிவம் விநாடிக்கு 25 மெகாபிட். ஒரு மணி நேரம் ஏறக்குறைய 13 ஜிபி. மினிடிவி (MiniDV) டேப்பை ஃபயர்வயர் கேபிள் வழியாக எடுத்தால் உள்ளதை உள்ளபடி நகலெடுக்கலாம். சிவப்பு, மஞ்சள், வெள்ளை கேபிள் வழியாக எடுத்தால் தரம் இறங்கும். இன்றைய கணினிகளில் ஃபயர்வயர் போர்ட் இல்லை என்பதால் பழைய கணினி ஒன்றை இதற்கென்றே வைத்திருப்பவர்கள் உண்டு. டேப் மிச்சம் பிடிக்க எல்பி வேகத்தில் பதிந்தவை, பதிந்த கேமராவைத் தவிர வேறொன்றில் சதுரம் சதுரமாக உடையக்கூடும். நடுவில் வெற்றிடம் விட்டுப் பதிந்த டேப்பில் டைம்கோடு (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் உள்ள நேர எண்) மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். ஒரே டேப்பில் ஒரே எண் இரண்டு இடத்தில் வந்தால் எடிட்டிங் மென்பொருள் தவறான இடத்தை எடுக்கும். அன்றைக்கு இது வெறும் தொந்தரவு அல்ல. நாற்பது மணி நேரப் பதிவு 520 ஜிபி, அதை வைக்க அன்றைய ஹார்ட் டிஸ்கில் இடமில்லை. தாழ்ந்த தரத்தில் எடிட் செய்துவிட்டு, டைம்கோடை வைத்துத் தேவையான துண்டுகளை மட்டும் மறுபடி எடுப்பதுதான் வழக்கமாக இருந்தது.

இன்றைக்கு விநாடிக்கு 100 மெகாபிட்டில் 4கே எடுத்தால் மணிக்கு 45 ஜிபி. ஒரு மணி நேரப் படத்துக்கு முப்பது நாற்பது மணி நேரம் எடுப்பது சாதாரணம். நாற்பதுக்கு 1.8 டிபி, மூன்று பிரதி, இரண்டு வேறு விதச் சேமிப்பு, ஒன்று வேறு கட்டடத்தில் என்று வைத்தால் 5.4 டிபி. கார்டை அழிக்கும் முன் இரண்டு பிரதியாவது ஆகியிருக்க வேண்டும். நகலெடுக்கும் மென்பொருளில் செக்சம் சரிபார்ப்பு (மூலமும் நகலும் உள்ளடக்கத்தில் ஒன்றுதானா என்று பார்ப்பது) இருக்கட்டும். கோப்பின் அளவு ஒத்திருப்பது மட்டும் போதாது. பிறகு எழுத்தாளருக்குக் கை வந்த வேலை: பேட்டி முழுவதையும் டைம்கோடோடு எழுத்தாக்குவது. கையால் அடித்தால் ஒரு மணி நேரப் பேட்டிக்கு நான்கைந்து மணி நேரம் ஆகும். தானியங்கி மென்பொருள் சீக்கிரம் முடிக்கும், ஆனால் ஆள் பெயர், மாடல் எண், "இல்லை" என்ற சொல் ஆகிய மூன்றிலும் தவறும். அந்த மூன்றையும் காதால் கேட்டே சரிபாருங்கள். பிறகு எடிட்டிங் மேசைக்குப் போகும் முன் காகிதத்திலேயே வரிகளை வெட்டி ஒட்டி வரிசைப்படுத்துங்கள். எழுத்தில் பழகியவர் மற்றவர்களைவிட முந்தும் ஒரே கட்டம் அநேகமாக இதுதான்.

உரிமை விஷயத்தில் முதல் நாளிலிருந்தே ஒரு அட்டவணை வையுங்கள்: எந்தத் துண்டு, யாருக்குச் சொந்தம், எந்த நாடுகளுக்கு, எத்தனை வருடத்துக்கு, எந்த ஊடகங்களுக்கு அனுமதி. பேட்டி கொடுத்தவரிடம் ஒப்புதல் கையெழுத்தைக் கேமராவை மடிக்கும் முன் வாங்குங்கள். ஒரு மாதம் கழித்துக் கேட்டால் அவர் அலுவலகச் சட்டப் பிரிவு பதில் சொல்லும். இசைக்கு இரண்டு அனுமதி வேண்டும், பாடலுக்கு ஒன்று, அந்தக் குறிப்பிட்ட ஒலிப்பதிவுக்கு ஒன்று. குறுகிய காலத்துக்கு அனுமதி வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு, அமெரிக்கக் கறுப்பின மக்களின் சம உரிமைப் போராட்டம் பற்றி 1987இல் வந்த 'ஐஸ் ஆன் த பிரைஸ்' தொடர் சாட்சி. உள்ளே இருந்த பழைய காட்சிகளுக்கும் பாடல்களுக்கும் அனுமதிக் காலம் முடிந்ததால், அவ்வளவு பெயர் வாங்கிய தொடர் பல வருடம் ஒளிபரப்பப்படாமல் கிடந்தது. மறுபடி தொலைக்காட்சிக்கு வந்தது 2006இல்.

இந்தத் துறைப் படங்களின் பெரிய பலவீனம், ஜெயித்தவர்களே கதை சொல்வது. நிறுவனர்கள் ஒரே கதையை நூறு மேடையில் சொல்லிச் சொல்லி மெருகேற்றியிருப்பார்கள். கேமரா முன் அது அழகாக இருக்கும். அதற்கு எதிரே வைக்கப் பழைய இதழ்தான் ஆயுதம். விண்டோஸ் அறிவிக்கப்பட்டது 1983 நவம்பரில். விற்பனைக்கு வந்தது 1985 நவம்பரில். அறிவித்த செய்தி, தள்ளிப்போன செய்தி, வந்த பிறகு எழுதிய விமர்சனம் மூன்றையும் வரிசையாக வைத்தால், "அப்போதே எங்களிடம் இருந்தது" என்ற வாக்கியத்தின் பொருள் மாறிவிடும். பேட்டிக்குப் போகும்போது அந்தப் பக்கங்களின் பிரதியைக் கொண்டு போங்கள். கேமரா ஓடும்போது கையில் கொடுங்கள். பழைய விளம்பரத்தில் தன் பொருளையே பார்க்கும்போது மனப்பாடக் கதை கலைந்து, உண்மையான ஞாபகம் வெளியே வருகிறது.

இதுவரை சொன்ன அளவுகளும் முறைகளும் உறுதியானவை. அந்தப் பாதை இன்றும் திறந்திருக்கிறதா என்பதில் என் அபிப்பிராயத்தைத்தான் சொல்ல முடியும். அதே வரிசையில் இல்லை என்பது என் எண்ணம். அன்று அச்சு இதழின் சம்பளம்தான் குறிப்பும் தொடர்பும் சேர்க்கும் காலத்தைத் தாங்கியது. பிசி மேகசினின் அச்சுப் பதிப்பு 2009 ஜனவரியோடு நின்றது. இன்ஃபோவேர்ல்ட் 2007லேயே அச்சை விட்டது. அந்தத் தாங்கல் இன்று இல்லாததால் எழுத்தும் படமும் ஒன்றன்பின் ஒன்றாக இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் நடக்க வேண்டும். நடுவில் நிறுவனங்களுக்கு விளம்பரப் படம் எடுத்து வருமானம் பார்க்கலாமா என்று பலர் கேட்பார்கள். எடுக்கலாம், ஆனால் அந்த நிறுவனத்தையும் அதன் போட்டியாளரையும் பற்றி அதன்பின் எழுத வேண்டாம். இதில் நடுவழி என்று ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

தொடங்குவதற்கு, ஏற்கெனவே எழுதிய கட்டுரை ஒன்றை எடுங்கள். அதில் உயிரோடு, பேசத் தயாராக, ஒருவரோடொருவர் ஒத்துப்போகாத இருவர் இருக்க வேண்டும். காட்டுவதற்கு ஒரு பொருளும் வேண்டும். எட்டு நிமிடத்துக்கு மேல் போகாத படம். ஆளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பேட்டி எடுக்க வேண்டாம். விவரணை எழுதினால் ஸ்டாப்வாட்ச் வைத்து உரக்கப் படித்து, மூச்சு முட்டும் இடங்களை வெட்டுங்கள். படத்தில் தெரிவதையே விவரணையும் சொல்கிறது என்றால் அந்த வரி வேண்டாம்.

கேமரா இப்போது வாங்காதீர்கள். கையில் இருக்கும் போனே முதல் படத்துக்குப் போதும், ஒரு நிபந்தனையோடு. பெரும்பாலான போன்கள் வெளிச்சத்துக்கு ஏற்ப ஃபிரேம் வேகத்தைத் தாமாகவே கூட்டிக் குறைக்கும். தனி மைக்கில் பதிந்த ஒலியோடு சேர்க்கும்போது, தொடக்கத்தில் பொருந்தும் உதடு இருபதாவது நிமிடத்தில் பிசகும். ஃபிரேம் வேகத்தைப் பூட்டும் செயலி ஒன்றைப் போட்டு, மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் 25 ஃபிரேம், ஷட்டர் 50இல் ஒரு பங்கு, 60 ஹெர்ட்ஸ் என்றால் 30 ஃபிரேம், 60இல் ஒரு பங்கு என்று வையுங்கள், விளக்கொளி துடிக்காது. ஒலியை 48 கிலோஹெர்ட்ஸில் பதியுங்கள். பணம் இருந்தால் முதலில் நல்ல லேப்பல் மைக், அடுத்து இரண்டு ஹார்ட் டிஸ்க், அப்புறம் ட்ரைபாட்.